ஊசியும் நூலும் எழுதிய வரலாறு

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பழைய போர்வை பாதுகாக்கப்பட்டு வருகிறது. போஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் அதற்கு உடன்பிறப்பைப் போன்ற மற்றொரு போர்வை உள்ளது. இரண்டும் பருத்தித் துணியை மனித உருவாகவும் விலங்குருவாகவும் விண்மீனாகவும் கத்தரித்து, வேறொரு துணியின் மேல் ஒட்டுவைத்துத் தைக்கப்பட்டவை. இவற்றைத் தைத்தவர் அரசகுலத்து மங்கையல்லர். ஓவியக் கல்லூரியில் பயின்றவருமல்லர். அடிமையாகப் பிறந்து, நாட்டுப்புறத்தில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, முதுமையில் தையலால் வயிறு வளர்த்த ஹாரியட் பவர்ஸ் என்னும் கறுப்பின அம்மையாரே அவர்.

கல்வெட்டும் செப்பேடும் மன்னர்களைப் பேசும். கணக்கேடுகள் செல்வர்களைப் பேசும். உழைத்து மறைந்த ஓர் ஏழைப் பெண்ணின் எழுபத்திரண்டு ஆண்டு வாழ்க்கையை எதனைக் கொண்டு அறிவது? இவ்வினாவுக்கு அம்மையாரின் போர்வைகள் விடை கூறுகின்றன.

அடிமைத் தோட்டமும் ஊசியும்

ஹாரியட் 1837-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதன்ஸ் நகரையடுத்த நாட்டுப்புறத்தில் பிறந்தார். அந்நாளில் அம்மாநிலம் பருத்தியால் வாழ்ந்தது. பருத்தியோ அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1793-ஆம் ஆண்டு எலி விட்னி என்பார் அதே ஜோர்ஜியாவில் பருத்திக்கொட்டையை நீக்கும் பொறியை உருவாக்கினார். கொட்டை நீக்கும் வேலை எளிதாகவே பருத்தி பயிரிடும் நிலம் பெருகிற்று. நிலம் பெருகவே பறிப்பதற்கு மேலும் கைகள் தேவைப்பட்டன. மனித உழைப்பைக் குறைப்பதற்கென வந்த பொறி, மனிதரை விலைக்கு வாங்கும் கொடுமையை வலுப்படுத்தியது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஜோர்ஜியாவில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சத்து 62 ஆயிரம் பேர் அடிமைகளாக இருந்தனர்.

அடிமைப் பெண்களின் வேலை வயலோடு முடிந்துவிடவில்லை. பகலெல்லாம் பருத்தி பறித்தவர்கள் இரவில் நூல் நூற்றனர், துணி நெய்தனர், தைத்தனர். எசமானியின் வீட்டுக்குத் தேவையான போர்வைகளைத் தைத்த அதே கைகள், எஞ்சிய கந்தல்களைக் கூட்டித் தம் பிள்ளைகளுக்கும் போர்வை தைத்தன. மேலே துணித்துண்டுகளால் அமைந்த ஒரு படலம், நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. இம்மூன்றும் பிரியாதவாறு நெருக்கமாகத் தைத்தால் குளிர்காலத்தைத் தாங்கும் போர்வையாகும். ஹாரியட் கற்ற கலை இதுவே. எவரிடம், எந்த வயதில் கற்றார் என்பதை எந்த ஏடும் கூறவில்லை.

1829-ஆம் ஆண்டில் ஜோர்ஜியா இயற்றிய ஒரு சட்டம் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. கற்பித்தவர்க்குத் தண்டனை உண்டு. எழுத்தைத் தடுக்கச் சட்டம் செய்தவர்கள் ஊசியைத் தடுக்க எண்ணவில்லை. ஊசியும் ஓர் எழுதுகோலாகலாம் என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்!

பதினெட்டாம் வயதில், 1855-ஆம் ஆண்டில், ஹாரியட் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கணவனை ஒருவருக்கும் மனைவியை மற்றொருவருக்கும் விற்றுவிட எசமானனுக்கு உரிமை இருந்தது. அத்தகைய நிலையற்ற வாழ்விலும் அவர்கள் குடும்பம் அமைத்தனர். அவர்களுக்குக் குறைந்தது ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். மூத்த பிள்ளைகள் அடிமைகளாகவே பிறந்தனர்.

விடுதலையும் நான்கு ஏக்கர் நிலமும்

1861-ஆம் ஆண்டு முதல் 1865-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடைபெற்றது. அப்போரினால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. திருநெல்வேலிச் சீமையின் பருத்தியும் கப்பலேறியது. உலகின் ஒரு மூலையில் மூண்ட போர் மற்றொரு மூலையில் உழவனின் களத்தை எட்டியதற்கு இது சான்று. போர் முடிந்த ஆண்டின் இறுதியில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஹாரியட்டுக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. விடுவிக்கப்பட்டவர்களுள் மிகப் பலர் பழைய எசமானர்களின் நிலத்தையே வாரத்துக்கு உழுதனர். விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கும், மற்றொரு பங்கு விதையும் உணவும் கடனாகக் கொடுத்த கடைக்காரருக்கும் போயிற்று. அந்நிலையில் பவர்ஸ் குடும்பத்தார் 1880-களில் நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானது எளிய செயலன்று. அடிமையாகப் பிறந்த இருவர் தமக்கென ஒரு வேலி போட்டுக்கொண்டனர். அந்த வேலிக்குள்தான் முதற்போர்வை உருவாயிற்று.

பொருட்காட்சியில் தொங்கிய போர்வை

1886-ஆம் ஆண்டில் ஏதன்ஸ் நகரில் ஒரு பருத்திப் பொருட்காட்சி நடைபெற்றது. விளைபொருள்களும் கைவினைப் பொருள்களும் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் ஹாரியட்டின் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஆறடி அகலமும் ஏழடிக்குச் சற்று மிகுந்த நீளமும் கொண்ட அப்போர்வையில் பதினொரு காட்சிகள் இருந்தன. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லுதல், யாக்கோபின் கனவில் தோன்றிய ஏணி, இயேசுவின் திருமுழுக்கு, முப்பது வெள்ளிக்காசுக்கு ஆசிரியரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, இவ்வாறு மறைநூல் முழுவதும் துணியில் விரிந்திருந்தது. உருவங்கள் சில கையாலும் சில தையற்பொறியாலும் தைக்கப்பட்டவை. கறுப்பின மக்கள் கோயிலில் செவியால் கேட்ட அருளுரையை அம்மையார் கண்ணால் காணும் அருளுரையாக ஆக்கியிருந்தார்.

துணியை உருவாக வெட்டி ஒட்டுவைக்கும் இம்முறை, மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நாளில் டகோமி என்று வழங்கிய நாட்டின் துணி வேலைப்பாட்டை ஒத்திருப்பதாக ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அம்மையாரின் முன்னோர் எந்நாட்டவர் என்பதற்குச் சான்று இல்லாமையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், கப்பலில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைகளில் தாயகத்தின் தொழில் நினைவு எஞ்சியிருத்தல் கூடும்.

பொருட்காட்சிக்கு வந்தவர்களுள் ஜென்னி சுமித் என்னும் வெள்ளையினப் பெண்மணியும் ஒருவர். அவர் ஏதன்ஸ் நகரில் பெண்கள் பயிலும் ஒரு கல்விநிலையத்தில் ஓவிய ஆசிரியர். அப்போர்வையின் தனிச்சிறப்பு அவர் கண்ணுக்கு உடனே புலப்பட்டது. தைத்தவரைத் தேடிக் கண்டு விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்று ஹாரியட் மறுத்துவிட்டார்.

ஐந்து டாலர்

காலம் மாறிற்று. பருத்தியின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1894-ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு பருத்தி ஐந்து காசுக்கும் கீழே போயிற்று. சிறு உழவர்கள் கடனில் மூழ்கினர். பவர்ஸ் குடும்பத்தின் நான்கு ஏக்கரும் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயின.

1891-ஆம் ஆண்டில் ஒரு நாள் பிற்பகல் ஹாரியட் மாட்டு வண்டியில் ஜென்னி சுமித்தின் வீட்டு வாயிலுக்கு வந்தார். மடியில் போர்வை இருந்தது. தூய மாவுப்பை ஒன்றில் அதனைப் பொதிந்து, அதன்மேல் சாக்கு ஒன்றையும் சுற்றியிருந்தார். பத்து டாலர் கேட்டார். தம்மிடம் ஐந்தே டாலர் இருப்பதாக ஓவிய ஆசிரியர் கூறினார். ஹாரியட் வெளியே சென்று கணவரிடம் கலந்து பேசித் திரும்பி வந்து, காலத்தின் கடுமையால் அதற்கே இசைவதாகத் தெரிவித்தார். ஒவ்வொரு காட்சியும் எதனைக் குறிக்கிறது என்பதை மிகுந்த ஈடுபாட்டோடு விளக்கிவிட்டே விடைபெற்றார்.

இதன்பின் நிகழ்ந்தது கருதத்தக்கது. விற்ற போர்வையைப் பார்ப்பதற்காக அவர் பலமுறை அவ்வீட்டுக்கு வந்தார். அதனைத் தம் மூளை ஈன்ற அருமைக் குழந்தையாகவே அவர் எண்ணியிருந்தார் என்பது ஜென்னி சுமித்தின் எழுத்தால் விளங்குகிறது. வெட்டி எஞ்சும் துணித்துண்டுகளையெல்லாம் அவருக்கென எடுத்து வைப்பதாக வாக்களித்த பிறகே அவர் ஓரளவு ஆறுதலடைந்தார். பெற்ற பிள்ளையை வறுமையால் பிறர் வீட்டில் விட்டுவந்த தாயின் நிலை இது. அடிமைக் காலத்தில் பிள்ளைகளைப் பிரித்து விற்றவர்கள் எசமானர்கள். விடுதலைக் காலத்தில் இந்தப் ‘பிள்ளை’யைப் பிரித்து விற்கச் செய்தது வறுமை.

1895-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் பருத்தி மாநிலங்களின் பெரும் பொருட்காட்சி நடைபெற்றபோது, கறுப்பின மக்களுக்கென அமைந்த தனி மண்டபத்தில் அப்போர்வை வைக்கப்பட்டது. அதே காலத்தில் அம்மையாரின் இல்வாழ்வு முறிந்தது. கணவர் பிரிந்து சென்றார். ஹாரியட் தையலைக் கொண்டே தம் வாழ்வை நடத்தலானார்.

விண்மீன்கள் உதிர்ந்த இரவு

1898-ஆம் ஆண்டில் அட்லாண்டாப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் அக்கழகத்தின் அறங்காவலர் ஒருவருக்குப் பரிசாக வழங்கிய போர்வையே இரண்டாம் போர்வை. பதினைந்து கட்டங்கள் கொண்ட இதில் யோபு, யோனா, மோசே முதலிய மறைநூல் மாந்தரோடு, அந்நாட்டில் நிகழ்ந்த வான நிகழ்ச்சிகளும் இடம்பெற்றுள்ளன. வரலாற்று மாணவர்க்கு இவையே விருந்தாகும்.

ஒரு கட்டம் 1833-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் நிகழ்ந்த எரிமீன் மழையைக் காட்டுகிறது. அன்றிரவு அமெரிக்க வானில் ஆயிரக்கணக்கான எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. உலகம் முடிந்தது என்று மக்கள் அஞ்சினர். இறைவனின் கை அம்மீன்களைத் தடுத்து நிறுத்தியதாக அம்மையார் தைத்துள்ளார். இது மெய்யாகவே நிகழ்ந்த ஒன்று. லியோனிடு என்னும் எரிமீன் கூட்டத்தின் பொழிவு என வானியலார் கூறுவர். ஆனால் ஹாரியட் பிறந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. அவர் தைத்தது தாம் கண்டதையன்று. முந்திய தலைமுறையினர் சொல்லக் கேட்டதை. பிறந்த நாள் எழுதிவைக்கப்படாத அடிமைகள் பலர், விண்மீன் உதிர்ந்த ஆண்டைக் கொண்டே தம் வயதைக் கணக்கிட்டு வந்தனர். ஏடில்லாத மக்களுக்கு வானமே நாட்காட்டியாயிற்று.

மற்றொரு கட்டம் 1780-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாளின் ‘இருண்ட பகலை’க் காட்டுகிறது. அன்று அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியில் நண்பகலிலேயே இருள் சூழ்ந்தது, கோழிகள் கூடடைந்தன. பெருங்காட்டுத் தீயின் புகையே இதற்குக் காரணம் என்று பிற்கால ஆய்வு விளக்கியுள்ளது. ஹாரியட் பிறப்பதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர், ஜோர்ஜியாவுக்கு வெகுதொலைவில் நிகழ்ந்த செய்தி ஒரு நாட்டுப்புறத் தையற்காரியின் போர்வைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? வாய்மொழி எத்துணைத் தொலைவு நடந்து செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்னொரு கட்டத்தில் ஒரு பன்றி ஓடுகிறது. ஜோர்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய, எவர்க்கும் கட்டுப்படாத பன்றி அது. அதன் பெயர் பெட்சு என்று விளக்கக் குறிப்பு கூறுகிறது. ஜோர்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வடதிசையில் உள்ளது. அடிமைகள் தப்பியோடிய திசையும் வடதிசையே. வெளிப்படையாகச் சொல்ல முடியாத ஒன்றை அம்மையார் ஒரு பன்றியின் மேல் ஏற்றிச் சொன்னார் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

வியாழனா, ஞாயிறா?

‘1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், குளிர்ந்த வியாழன்’ என்பது வேறொரு கட்டத்தின் பெயர். தொழுதவாறே உறைந்துபோன பெண்; மூச்சு பனிக்கட்டியாகத் தொங்கும் கோவேறு கழுதை; மதுச்சாடியின் அருகிலேயே விறைத்துப்போன மனிதன்; செத்து விழுந்த நீலப்பறவைகள் ஆகியன அதில் உள்ளன. இது ஹாரியட் தம் வாழ்நாளிலேயே கண்ட குளிர்.

நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்ப்பின், அந்த ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைகிறது; அதற்கு முந்திய வியாழன் 7-ஆம் நாளாகும். அப்படியானால் அம்மையாரின் செய்தி பொய்யா? அன்று. அந்த மாதத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களைக் கடுங்குளிர் தாக்கியதற்குப் பிற சான்றுகள் உள்ளன. மக்கள் நினைவு கிழமையைப் பற்றிக்கொள்கிறது. எண்ணோ எளிதில் நழுவுகிறது. நழுவியது சொன்னவரிடமா, எழுதிக்கொண்டவரிடமா என்பதை இன்று அறுதியிட்டுக் கூற முடியாது. நினைவையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றை மற்றொன்றால் திருத்துவதே வரலாற்று ஆய்வின் முறை. ஒரு போர்வையின் கட்டமும் அம்முறையைக் கற்பிக்க வல்லது.

பிறர் எழுதிய சொற்கள்

அம்மையாரின் விளக்கங்களை ஜென்னி சுமித் எழுதிவைத்தார். இரண்டாம் போர்வைக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறிப்பு எழுதப்பட்டது. அக்குறிப்புகள் இல்லையேல் பெட்சு என்னும் பன்றியின் பெயரும் மறைந்திருக்கும். அவ்வகையில் அப்பெண்மணிக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஹாரியட்டின் பேச்சைக் கொச்சை உச்சரிப்போடு எழுதும் அக்கால வெள்ளையர் வழக்கத்தையே அவரும் கைக்கொண்டார். படிப்போர் கண்ணுக்கு அம்மையார் கல்லாத கிழவியாகத் தோன்றினார். எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் நூல்களும் கூறிவந்தன.

2009-ஆம் ஆண்டில் கைரா ஹிக்சு என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூல் இக்கருத்தை மாற்றியது. 1896-ஆம் ஆண்டில் ஹாரியட்டின் பெயரில் அமைந்த ஒரு கடிதத்தின் படியை அவர் கண்டெடுத்திருந்தார். பதினோராம் வயதில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் துணையால் தாம் படிக்கக் கற்றதாக அக்கடிதம் கூறுகிறது. சட்டம் மூடிவைத்த கதவைச் சிறுவர்கள் அறியாமலேயே திறந்துவிட்டனர்! 1872-ஆம் ஆண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சாய்சதுரத் துண்டுகளால் ஒரு போர்வையும், பின்னர் இயேசுவின் இராவுணவைக் காட்டும் போர்வை ஒன்றும் தைத்ததாக அதே கடிதம் தெரிவிக்கிறது.

அம்மையாரின் இறப்பு 1911-ஆம் ஆண்டு என்றே பழைய நூல்கள் எழுதின. 2005-ஆம் ஆண்டில் ஏதன்ஸ் நகரில் கறுப்பின மக்களின் பழைய இடுகாடு ஒன்றில் அவரது கல்லறைக் கல் கண்டறியப்பட்டது. 1910-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் என்று அக்கல் கூறுகிறது. அச்சேறிய நூல் தவறலாம். புதர் மண்டிய கல் உண்மை உரைக்கலாம்.

அவரைக் காட்டும் புகைப்படம் ஒன்று உள்ளது. அதில் அவர் உடுத்தியிருக்கும் மேலாடையிலும் வான உருவங்களை ஒட்டுவைத்துத் தைத்திருக்கிறார். படம் எடுக்க வருவோர் முன் ஒரு தையற்காரி தம் தொழிலையே அணிந்து நின்றார்.

ஆசிரியர்க்கு ஒரு பாடம்

ஜென்னி சுமித் தம் போர்வையை இறுதிவரை விற்கவில்லை. அவர் 1946-ஆம் ஆண்டில் மறைந்தபின் அது வேறொரு குடும்பத்தின் கைக்குப் போய், 1960-களின் இறுதியில் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தது. இரண்டாம் போர்வையை 1964-ஆம் ஆண்டில் போஸ்டன் அருங்காட்சியகம் பெற்றது. தைத்தவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 2021-ஆம் ஆண்டில் போஸ்டனில் நடைபெற்ற கண்காட்சியில்தான் இரண்டும் முதன்முறையாக ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

ஆயினும், நாலாயிரம் துண்டுகளால் தைத்த போர்வை எங்கே? இராவுணவுப் போர்வை எங்கே? அவற்றின் இருப்பிடம் அறியப்படவில்லை. பிழைத்திருக்கும் இரண்டு போர்வைகளும் மற்றவற்றைவிடச் சிறந்தவை என்பதனால் பிழைக்கவில்லை, ‘இது யாது? இதனை ஏன் தைத்தீர்கள்?’ என்று அவற்றைத் தைத்தவரை ஒருவர் கேட்டதனால் பிழைத்தன. கேட்பாரற்றவை கந்தலாகி மறைந்தன.

வரலாற்றுப் பாடத்தை நூலிலிருந்தே தொடங்க வேண்டும் என்னும் நியதி இல்லை. மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பழம்பெட்டி இருக்கும்; அதில் பாட்டி தைத்த ஒரு துணி, ஒரு தலையணையுறை, ஒரு குழந்தைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதனை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்த ஆண்டு, எந்தத் துணி, யாருக்காக என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொண்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அவர் கூறும் ஆண்டு தவறாயிருப்பின் பிறகு திருத்திக்கொள்ளலாம். கேளாது விட்டதைத் திருத்துவதற்கு எந்த நாட்காட்டியும் உதவாது.